பூசைக்குக் கழுவிய டேங்க்

வாழவந்தி,
திங்கட்கிழமை.

அன்பு மகள் நந்தினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மழைக்கு என் முழங்கால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு பாதியிலேயே பிடுங்கிக்கொள்வார், நீயும் நடுவில் சிரித்துவிடுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் அவர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுச் சேலத்தில் நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லாமல் அடுப்படியில் எனக்குக் கை ஓடவில்லை கண்ணு.

அப்பா ரிட்டையராகிச் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று ஜெர்மனியிலிருந்து ஒரு ராணுவ டேங்க் பொம்மைப் பெட்டி அனுப்பினாயே, அதைப் பிரித்த அன்றைக்கு, இத்தன துண்டயும் ஒட்டி முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன் என்றவர்தான், மறுநாளிலிருந்து சோறு தண்ணி மறந்து அதிலேயே கிடந்தார். நகவெட்டியால் ஒவ்வொரு துண்டாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்து ஒட்டினார். பச்சை பெயிண்ட் அடித்ததும் ஷோரூமில் நிற்கிற வண்டி மாதிரி பளபளவென்று இருந்தது, முடிந்தது என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் வேலையே இருக்கிறதாம். சண்டைக்குப் போய்வந்த வண்டி புதுசாகவா இருக்கும் என்று சொல்லி, ஸ்பாஞ்சில் பழுப்பு நிறம் தொட்டு பெயிண்ட் பெயர்ந்த மாதிரி ஒற்றினார், காப்பி டிக்காஷனைத் தொட்டு மழைத்தண்ணீர் வழிந்த கறை போட்டார், பென்சில் தூளைப் புகைக்குழாயில் தேய்த்தார். ரோட்டு வளைவில் செம்மண் அள்ளிவந்து, என்னைக் கேட்காமலே என் டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீரில் குழைத்துப் பூசினார். இதற்கே மூன்று வாரம். சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை இந்த மாதிரி பொம்மை வண்டிகளுக்குப் போட்டி, நேரில் போய்ப் பேர் கொடுத்தால் போதும் என்று போனில் பார்த்ததிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. முப்பது வருசம் எஸ்டேட் டிராக்டர் ஓட்டியிருக்கறன், ஒரு மேடையில எம்பேர யாராவது கூப்பிட்டிருப்பாங்களா, இதுலயாச்சும் கூப்பிடட்டும் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் உள்ளே எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாதா.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், திட்டாதே. புதன்கிழமை ஆயுத பூசை. அப்பா பொரியும் பூசணிக்காயும் வாங்க ஏற்காடு போயிருந்தார். நான் அரிவாள், கவாத்துக் கத்தி, தையல் மெஷின், மொபெட் எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினால் மேசையில் டேங்க் மட்டும் துருவும் சேறுமாக நிற்கிறது. அழுக்கு வண்டியைச் சாமிக்கு முன்னால் வைத்தால் விளங்குமா? மண்தானே, பூசை முடிந்து மறுபடி பூசிக்கொண்டால் போகிறது, நம் ரோட்டில் மண்ணுக்கா பஞ்சம் என்று நினைத்து, சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன். மண்ணும் கறையும் போகாமல் பிடித்துவைக்கிற வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லையாம், அது எனக்கு எப்படித் தெரியும். மண், கறை, புகை எல்லாம் போய்விட்டது, அவர் ஈர்க்கில் சீவி வைத்திருந்த ஏரியல் குச்சியும் ஒடிந்தது. அதற்குச் சந்தனம் குங்குமம் வேறு வைத்து நடுவில் நிறுத்தியிருந்தேன்.

அப்பா வந்தார், பையைக் கீழே வைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. கற்பூரம் காட்டி முடித்து, விடு புள்ள, நாம போக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது நந்தினி. கோபம் எல்லாம் என்மேலேயே வந்தது.

மறுநாள் காலையில் நானே போய் ஒரு கிண்ணம் மண் அள்ளி, சலித்து, அவர் முன்னால் வைத்தேன். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக் குழைக்க ஆரம்பித்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பூசுகிறார்! எனக்குப் பொறுக்கவில்லை. ஏனுங்க, நீங்க முன்னால உக்காந்து ஓட்டுனவரு, சேறு எங்க அடிக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும், பின்னால ட்ரெய்லர்ல இருவது வருசம் நனைஞ்சுக்கிட்டு வந்தவ நானு என்றேன். சக்கரம் பின்பக்கம்தான் வாரி அடிக்கும், உள்மடிப்பில் ஈரமாகக் கறுத்துக் கிடக்கும், ஓரத்தில் காய்ந்து வெளுத்திருக்கும் என்று காட்டினேன். காப்பிப் பழம் பறிக்கப் போகும்போது நாங்கள் கால் வைத்து ஏறுகிற இடத்திலும் கைபிடிக்கிற கொக்கியிலும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளிச்சென்று இருக்குமே, அதையும் சொன்னேன். அட, ஆமா புள்ள என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் பார், அப்புறம் எங்களுக்குச் சாப்பாடே மறந்துபோனது. அவர் பிரஷ் பிடிக்க நான் சொல்ல, வெள்ளி சாயங்காலத்துக்குள் முடித்து, சனிக்கிழமை மறக்காமல் வார்னிஷும் அடித்துவிட்டோம். முன்னே இருந்ததைவிட இது நொம்ப நல்லாருக்குது என்று அவர் வாயாலேயே சொன்னார்.

ஞாயிறு முதல் பஸ். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் மூச்சைப் பிடித்தோம், அடிவாரம் வந்ததும்தான் திறந்து பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. மண்டபத்தில் அவர் டேங்கை எடுத்து வைக்கப் போனார், என்னைப் பேர் கொடுக்கிற வரிசையில் நிறுத்திவிட்டார். மேசையில் இருந்த பெண், பேர் சொல்லுங்கம்மா என்றாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் உன் அப்பா பேரை நான் வாயால் சொன்னதில்லை, உனக்கே தெரியும். ரேஷன் கடையில் கார்டை நீட்டுவேன், ஆஸ்பத்திரியில் உன்னைச் சொல்லச் சொல்வேன். இங்கே நீட்டக் கார்டும் இல்லை, நீயும் இல்லை, பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். எழுதித் தருகிறேன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. சுகுணா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதை அவரிடம் சொல்லவும் இல்லை, சும்மா ஒரு அடையாளத்துக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பரிசு சொன்னார்கள். புதியவர்கள் பிரிவில் இரண்டாம் பரிசு, ஏற்காட்டிலிருந்து வந்த, என்றதுமே அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். திருமதி சுகுணா என்றார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. நடந்ததைக் காதில் சொன்னேன். போ புள்ள, கூப்பிடறாங்கல்ல என்றார்.

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. பரிசு கொடுத்தவர் கோவிந்தராஜ் என்று ஒருவர், ராணுவத்தில் நிஜமாகவே டேங்க் ஓட்டியவராம். கால் வைத்துத் தேய்ந்த அந்த இடத்தைப் பார்த்ததும் தனக்குப் பழைய வண்டியில் ஏறுகிற மாதிரி இருந்தது என்றார். தனியாப் பண்ணினீங்களாம்மா என்று மைக்கை என்னிடம் நீட்டினார். சேறு எங்க ஒட்டும்னு சொன்னது மட்டும் நானுங்க, வண்டி பண்ணுனது எங்கூட்டுக்காரருங்க என்றேன். அவர் பேர் என்னங்கம்மா என்றார். மண்டபம் முழுக்க என்னையே பார்க்கிறது. தலையைக் குனிந்துகொண்டு, மாதையனுங்க என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன், அந்த மைக் கடைசி நாற்காலிவரை கொண்டுபோய்விட்டது. மாதையன் மேடைக்கு வாங்க என்று அவரும் சத்தமாகக் கூப்பிட்டார். உன் அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி வந்தார். அந்தக் கைதட்டலை நீ கேட்டிருக்க வேண்டும்!

சான்றிதழில் இரண்டு பேர் பேரையும் எழுதிக் கொடுத்தார்கள், போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். அடுத்த பெட்டி அனுப்பினால் சக்கரம் நிறைய இருக்கிற வண்டியாகப் பார்த்து அனுப்பு. வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வை, மஞ்சள் தூளும் காப்பித் தூளும் பார்சலில் வருகிறது. அப்பாவிடம் பேசும்போது நான் கழுவின கதையை நீயாக எடுக்காதே. சேர்வராயன் சாமி உனக்கு எந்தக் குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும் கண்ணு.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். நேற்றுத் திரும்பி வரும்போது மலைப் பாதையில் அப்பா வெகுநேரம் பேசவே இல்லை. கோபமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். மேலே ஏறி ஊர் விளக்கு தெரிகிற நேரத்தில் என் பக்கம் குனிந்து, இன்னொருக்கா சொல்லு புள்ள என்றார். சும்மா வாங்க என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் நல்வாழ்வே நினைவாக இருக்கும் அம்மா,
மா. சுகுணா.