குளியலறைக்கு ஏழு நிமிடம்

மார்ச் 3, திங்கள்

பாக்கிங் ஆலையை மூடி இன்றோடு மூன்று வாரம். பதினோரு வருட சூப்பர்வைசர் மூளை சும்மா இருக்குமா? வீட்டுக்குப் பதினான்கு விதிகள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். யார் பாத்திரம், யார் துணி, குளியலறைக்கு ஆளுக்கு ஏழு நிமிடம். ஆஸ்பத்திரி லேபிலிருந்து வந்த மனைவி தோள்பையைக்கூட இறக்காமல் நின்று படித்தாள்.

“எனக்கு ஆறு வேலை, என் தம்பிக்கு அஞ்சு. உங்க பேரு எங்கங்க?”

“மேற்பார்வை” என்றேன். சொல்லும்போது கூசவில்லை. எழுதும்போது கூசுகிறது.

மார்ச் 4

முதல் விதிமீறல்: ஈரத்துண்டு கட்டிலில். குற்றவாளி: நான். பதிவு செய்யவில்லை.

மார்ச் 7

எங்களோடு இருக்கும் மச்சான் எலெக்ட்ரீஷியன். மாலையில் குளிக்கப் போனவன் பன்னிரண்டு நிமிடமாக வெளியே வரவில்லை. கடிகாரத்தோடு போய்க் கதவைத் தட்டினேன் — பெரிய துரை! கதவு திறந்தது. வலது கையில் பெரிய கட்டு. இன்னும் சட்டையைக்கூடக் கழற்றி முடிக்கவில்லை.

“போர்டுல தீப்பொறி பட்டுடுச்சு மாமா. இன்னும் அஞ்சு நிமிஷம் குடுங்க.”

என்னிடம் கெஞ்சினான். என்னிடம்!

மனைவி வந்து பார்த்தாள். அவனைக் குளிப்பாட்டி, புதுக் கட்டுப் போட்டு, பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். “வேலை போனது உங்களுக்கு. தண்டனை எங்களுக்கா?”

 

மார்ச் 8

தாளைக் கிழித்தேன். மச்சானின் வேலைகள் இனி என்னுடையவை. நூற்றுப்பத்துப் பேரை வேலை வாங்கியவனுக்கு வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லை. அவன் உட்கார்ந்தபடி இடது கையால் காட்டினான். மனைவியின் வெள்ளைக் கோட்டு ரோஸ் நிறத்தில் வந்தது.

மார்ச் 10

அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள். மதியம் போன் செய்தாள். “யார் துவைச்சதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. சொல்லட்டுமா?” சிரிக்கிறாளா? சிரித்தாள்!

மார்ச் 16

சமையலும் இப்போது என் வேலை; மூன்று நாள் கஞ்சியாகக் குழைந்த பிறகு இன்று சோறு சோறாக வந்தது. இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அடுப்படியில் கரண்டியோடு நின்றேன். இத்தனை வருஷம் அவளும் இப்படித்தான் நின்னாளோ?

மார்ச் 29

ஒரு கிடங்கிலிருந்து போன். சூப்பர்வைசர் வேலையாம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரமுடியுமா என்று கேட்டார்கள்.

“மதிய ஷிஃப்ட் இருக்குங்களா?” என்று கேட்டேன். “காலையில வீட்டுல வேலை இருக்கு.”