ஓரத்தில் எழுதியது

12-4-1988, செவ்வாய்

சித்தேரி மலையிலிருந்து பாப்பாத்தி என்ற பெண் இன்று ஆபீசுக்கு வந்தாள். குடிதண்ணீருக்குப் போர் போட வேண்டிய ஊர்களின் பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்து வந்து, கையெழுத்தும் ஆகிவிட்டது. அவள் ஊர் அதில் இல்லை.

கார்த்திகையில் அங்கே கணக்கெடுக்க நான்தான் போனேன். படிவத்தில் ‘குடிதண்ணீர் உண்டா?’ என்று ஒரே கேள்வி. உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். அன்று சுனையில் தண்ணீர் இருந்தது. “மாசியோட வத்திப்போயிருமுங்க” என்றாள் பாப்பாத்தி. ‘உண்டு’ என்று குறித்துவிட்டு, அவள் சொன்னதை ஓரத்தில் எழுதினேன். இருபது வருடமாக ஃபைல்களில் அப்படித்தான் எழுதுகிறேன். மேலே இருப்பவர்கள் படிப்பார்கள். கம்ப்யூட்டரில் கட்டத்தை மட்டும்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

அவளிடம் விவரத்தைச் சொன்னேன்.

“ஓரத்துல இருக்கறதப் படிக்கத் தெரியாத பொட்டிக்கு எதுக்குங்க அக்கா அங்க எழுதுனீங்க?” என்று கேட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படிவம் தயாரித்த அன்று கம்ப்யூட்டர் அதிகாரி என்னைக் கேட்டார்: “வேற கேள்வி ஏதாவது சேர்க்கணுமா மேடம்? ஊர் ஊராப் போறவங்க நீங்கதானே.” எந்த மாதம் வற்றும் என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருந்தால் போதும். எனக்குப் பொம்மிடி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. “எல்லாம் சரியா இருக்குங்க சார்” என்றேன்.

இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. கிளம்பும்போது ஆபீஸ் குழாயில் ஒரு கேன் தண்ணீர் பிடித்தாள். நிரம்பும்வரை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.