ஓம் மந்திரிகளும் ஆமா மந்திரிகளும்

நவம்பர் 3, திங்கள்

மழை, விடிந்ததில் இருந்தே. நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசிக்கு வரிசை. மனம் அங்கில்லை, நாடகத்தில்.

எங்கள் கோலியர்ஸ் வுட் ஈழத்தமிழர் குழுவில் கோட் சூட் போட்டு நிற்க ஆள் போதாது. தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக் குழுவில் ஆள் உண்டு, நாடகம் இல்லை. ஆகவே கூட்டு. நான் எழுதியிருப்பதும் கூட்டைப் பற்றித்தான்: முதலாம் உலகப்போர் நடுவில் இந்த லண்டனில் எதிரெதிர்க் கட்சிகள் சேர்ந்து அமைத்த மந்திரிசபை. ஒன்றரை வருடம்தான் நின்றது. பிரதமர் நான். இதை எழுதியதே அந்த வேடத்துக்காகத்தான், இங்கே மறைத்து என்ன. முழங்கால் இருக்கிற இருப்புக்கு அடுத்த வருடம் மேடை ஏற முடியுமோ தெரியாது.

வாங்க: முட்டை, வசந்தாவுக்குக் கண்மருந்து, வெள்ளை விக்.

நவ. 5, புதன்

ஒத்திகை, மோர்டன் மண்டபம். வெளியே ஒரே வெடிச்சத்தம், வாணவேடிக்கை நாள்.

பிரிட்டிஷ் மந்திரி எங்களைப் போல 'ஓம்' என்பாரா, அவர்களைப் போல 'ஆமா' என்பாரா? இதற்கே அரைவாசி நேரம் போயிற்று. முரளி, அந்தக் குழுவின் தலைவர், ஐ.டி. வேலை, லாப்டாப் இல்லாமல் வாய் திறக்கமாட்டார்: "சார், ஆடியன்ஸ்ல பாதிப் பேர் நம்ம ஊர்க்காரங்க. 'ஓம்'னா சாமி கும்பிடறாருன்னு நெனச்சுப்பாங்க."

சிவா சிரித்துவிட்டான். எங்கள் ஆள், வசந்தாவை நான் கட்டுவதற்கு முந்திய கூட்டாளி. நாடகத்தில் என் மந்திரி, கடைசியில் எனக்குப் பிறகு பிரதமர் ஆகிறவன். அவன் சிரித்தது பிடிக்கவில்லை.

முடிவு: பிரதமர் கட்சிக்கு ஓம், மற்றக் கட்சிக்கு ஆமா. கேட்க நன்றாகவே இருக்கிறது. யோசனை முரளியுடையது. அதுதான் உறுத்தல்.

நவ. 8, சனி

புது ஏற்பாடு. ஒத்திகையை நடத்தச் சின்னக் கமிட்டி ஒன்று. முரளி, சிவா, லைட் பார்க்கிற பிள்ளை. நான் இல்லை.

"அண்ணை, நீங்கள் பிரதமர். இந்தச் சில்லறை வேலையெல்லாம் உங்களுக்கேன்?" என்றான் சிவா. மரியாதை மாதிரித்தான் இருந்தது. சரி என்றேன். பஸ்ஸில் வரும்போதுதான் அது சரியில்லை என்று பட்டது. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

வசந்தா: "அங்கை ஓம் எண்டிட்டு வந்து இஞ்சை ஏன் நடக்கிறியள்? கார்ப்பெட் தேயப்போகுது."

நவ. 10, திங்கள்

வாட்ஸ்அப்பில் போஸ்டர். நடுவில் சிவா, பெரிதாக. நான் ஓரத்தில், தொப்பி பாதி வெட்டுப்பட்டு. ஒரே மருந்துச்சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், கண்ணில் ஒன்றும் ஏறவில்லை. மத்தியானம் குழுவில் எழுதிப் போட்டேன்: "நான் விலகுகிறேன். பிரதமருக்கு வேறு ஆளைப் பார்க்கவும்."

இது புதிதில்லை. சங்கத்தின் ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் நான் விலகுவேன். எல்லோரும் விலகுவார்கள். "ஏன் அண்ணை, இருங்கோ" என்று நாலு பேர் கையைப் பிடிப்பார்கள், தேத்தண்ணி வரும், இருந்துவிடுவோம். சங்கம் என்றால் அப்படித்தான்.

சிவாவின் பதில்: "ஓம் அண்ணை. நீங்களும் களைச்சுப் போனியள். உடம்பைப் பாருங்கோ." முரளி: "தேங்க்ஸ் சார், எல்லாத்துக்கும்." மற்றவர்கள் கும்பிடு, கட்டைவிரல்.

போனை எடுப்பதும் வைப்பதும். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. இந்த வயதில் அழுகை வருகிறது.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டது. குளிர்.

"திரும்ப வாறன் எண்டு எழுதுங்கோவன், அதிலை என்ன வெக்கம்?" வசந்தா. எழுதினேன், அழித்தேன். பிறகும் எழுதினேன், அழித்தேன்.

கடைக்கு வந்த அம்மா ஒருவர்: "போஸ்டரிலை உங்களைக் கண்டனான். கட்டாயம் வருவம்." நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல.

நவ. 13, வியாழன்

பின்னேரம் மணி அடித்தது. சிவா. கெஞ்சத்தான் வந்திருக்கிறான், உடனே ஒத்துக்கொள்ளக் கூடாது, இரண்டு தரமாவது மறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

பிரதமர் வேடம் முரளிக்காம். சொல்லிவிட்டு வசந்தாவின் வடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, ஒரு சின்ன விசயம். நீங்கள் எழுதினதை உங்களைக் கேளாமல் தொடேலாது. கடைசிக் காட்சியிலை பிரதமர் விலகிறன் எண்டேக்கை மந்திரிமார் எல்லாரும் வாசல்மட்டும் ஓடிவந்து கையைப் பிடிச்சுக் கெஞ்சுகினமெல்லோ."

"ஓம்."

"முரளி புத்தகங்கள் தேடிப் பாத்தவர். அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையாம். தானில்லாமல் மற்றவைக்கு ஏலாதெண்டு நினைச்சுத்தான் அந்தாள் விலகினதாம். ஒருத்தரும் திரும்பக் கூப்பிடேல்லையாம். அந்த இடத்தை வெட்டுவமோ?"

அந்தப் புத்தகங்களை நானும் வாசித்தவன். அந்த இடம் மட்டும் என்னால் நம்ப முடியாமல் இருந்தது. இவ்வளவு நாள் கூட இருந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருப்பார்களா? அதனால்தான் மாற்றி எழுதினேன்.

"வெட்டுங்கோ," என்றேன்.

எங்கே என்று தெரியாமல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். வாங்கி நானே வெட்டிக் கொடுத்தேன்.