டன்ரிட்ஜ் தொகுதியின் கடைசி விருந்து

அன்புள்ள தங்கைக்கு,

நம் டன்ரிட்ஜ் தொகுதியைக் கலைத்து, பக்கத்துத் தொகுதிகள் இரண்டுக்கும் பங்கு போட்டுவிட்டார்கள். தலைநகர் ரெஜைனாவின் மாகாணச் சட்டசபையில் யாரும் கண்ணீர் விட்டதாகத் தகவல் இல்லை.

வரும் ஞாயிறன்று ஊர் மண்டபத்தில், அறுவடை முடிந்ததும் வழக்கமாக வைக்கும் வான்கோழி விருந்து. அங்கே வாசிக்க, தொகுதியின் வரலாற்றை என்னை எழுதச் சொன்னார்கள். ரயில் வந்தது, ரயில் நின்றுபோனது, எல்லாக் கட்சிகளும் சாலை போடுவதாகச் சொன்னது என்று ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அண்ணனும் தங்கையும் எதிரெதிராக நின்ற தேர்தலில் மட்டும் பேனா நகரவில்லை. மூன்றாவது ஆள் ஜெயித்தான் என்று எழுதினேன். அதற்குப் பிறகு நீ இந்தப் பக்கம் வரவேயில்லை என்பதை எழுதவில்லை.

இன்று மண்டபத்தில் மேசை போட்டார்கள். பெயர்ச்சீட்டு வைக்கும் ஹல்டோரா உன் சீட்டை என் பக்கத்து இடத்தில் வைத்திருக்கிறாள்.

"அவ வரமாட்டா" என்றேன்.

"சண்டை போட்ட தொகுதியே போயிடுச்சு. இன்னும் எதைப் பிடிச்சுத் தொங்கறீங்க, பெரியவரே?" என்றாள்.

சீட்டை எடுத்துவிடலாம் என்றுதான் போனேன். உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்; ஒரு கால் ஆடியது. அதை என் இடத்தில் போட்டு, என்னுடையதை உனக்கு வைத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
இனி எதிலும் போட்டியிடாத
உன் அண்ணன்