வலிக்காத புண்

ஜூன் 3
சங்கரா மீன் தலைய இன்னிக்கு என் தட்டுல வச்சிட்டா பச்சையம்மா. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து மீன் தலைய எனக்கு வுட்டதேயில்ல. தனக்குக் கஞ்சி போதுமாம்.
எனக்கு எழுதத் தெரியாது. போன்ல அமுக்கிக்கினு பேசறேன், அது எழுதிக்குது. வேற யார்கிட்ட சொல்ல?

ஜூன் 5
நர்ஸ் படிக்கிற பொண்ணுங்க எங்க பிளாக் கீழ வந்தாங்க. வாயைப் பாக்கக் கத்துக்குடுக்க ஹெப்சிபா டீச்சருக்கு ஒரு வாய் வேணுமாம். நான் போய் உக்காந்தேன்.
"தாத்தாவுக்குப் பல்லே இல்லியே மேடம்"ன்னுச்சு ஒரு பொண்ணு.
"பல்லு இல்லன்னா வாயும் இல்லியா செங்கொடி?"
உதட்டைத் திருப்பு, கன்னத்தை இழு, நாக்கைப் பிடிச்சு ரெண்டு ஓரமும் பாரு, அப்புறம் அடியில. எல்லாப் பொண்ணும் அதே வரிசை. மனசுல பதிஞ்சிடுச்சு.
கடைசியா டீச்சர் சொன்னாங்க: "வலிக்குதான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. ரெண்டு வாரத்துல ஆறாத புண்ணு, வலிக்கலன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."
பொங்கலுக்கே பச்சையம்மா சொன்னாளே — நாக்கு ஓரத்துல புண்ணு, வலிக்கல, வுடுய்யான்னு.

ஜூன் 6
"வாயைத் தொறடி."
"இன்னாத்துக்கு? பல்லு புடுங்கப் போறியா?"
புகையிலப் பொடில பல்லு வெளக்குற வாய், நாறுமாம். தலைப்பால மூடிக்கினா. கெஞ்சினேன். கத்தினேன். பக்கத்து வூட்டு ஷம்ஷாத் எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

ஜூன் 9
தொறக்கல.

ஜூன் 11
அவ எதிர்லயே அழுதுட்டேன். அப்பத்தான் தொறந்தா. கைய கழுவிக்கினு டார்ச் அடிச்சு அந்த வரிசையிலயே போனேன். உதடு. கன்னம். நாக்கு, இடது ஓரம் — வெள்ளையும் சிவப்புமா, தடிச்சு. தொட்டேன்.
"வலிக்குதா?"
"இல்லய்யா."
வலிக்குதுன்னு சொல்லேன்டி. ஒருவாட்டி சொல்லேன்.

ஜூன் 12
பொண்ணுங்க மறுபடி வந்தாங்க. "அத்தினி பேர் முன்னாடி என் கலீஜ் வாயையா?"ன்னு இவ எறங்கல. செங்கொடிகிட்ட சொன்னேன். மேல வந்து தரையில உக்காந்துச்சு.
"ஆயா, எனக்கு இன்னும் நாக்கைப் பிடிக்கவே வரல. மேடம் திட்றாங்க. உங்ககிட்ட பழகிக்கட்டா?"
பச்சையம்மா சிரிச்சிட்டா. தொறந்தா. செங்கொடி மூஞ்சி மாறல. ஒரு சீட்டுல ஆஸ்பத்திரி பேரை எழுதிக் குடுத்துச்சு.

ஜூன் 27
ஆஸ்பத்திரில சதை எடுத்துப் பாத்தாங்க. கேன்சர்தான். ஆபரேஷன்ல நாக்குல பாதி போவுமாம். பேச்சு? பாக்கலாம்னாரு டாக்டர்.
பஸ்ல வூடு வர வரைக்கும் பச்சையம்மா பேசிக்கினே வந்தா. நிறுத்தவேயில்ல.

செப்டம்பர் 4
புதுப் பொண்ணுங்க. டீச்சர் ஒரு வாய் கேட்டாங்க. நான் எழுந்தேன். ஆபரேஷன் முடிஞ்சு வந்த பச்சையம்மா என் தோளை அமுக்கி உக்கார வச்சிட்டு, தானே போய் நாற்காலில உக்காந்து தலைப்பை விலக்கினா.
எல்லாப் பொண்ணும் குனிஞ்சு பாத்துச்சு. நான்தான் பாக்க முடியாம, எதிர் தண்டவாளத்துல கூட்ஸ் வண்டி போறத பாத்துக்கினு நின்னேன்.