நாலாவது நூன்

என்னங்க, ஸலாம்.

காலையிலேர்ந்து நாலு வகுப்பு ஓதிக் கொடுத்து, தொண்டை கட்டிப் போச்சு. அதான் பேசாம எழுதறேன்.

நீங்க போன்ல ஓதி அனுப்பினதைக் கேட்டேன். குர்ஆனோட கடைசி சூரா. ஆறு வசனமும் 'ன்னாஸ்'னுதான் முடியும், அதுல வர்ற 'ன' எழுத்துதான் அழுத்தின நூன். அந்த நூனை மூக்குல ரெண்டு எண்ணிக்கை நிறுத்தணும், அதுதான் குன்னா. இதை என் அண்ணன்மார் முன்னாடி உங்களுக்குச் சொல்லப் போய்த்தானே இவ்வளவும். நீங்க கோவிச்சுக்கிட்டு ஒர்க்ஷாப் மாடிக்குப் படுக்கப் போய் இன்னியோட பத்தொன்பது நாள். தப்புன்னா சொல்லித்தான் ஆகணும். ஆனா நாலு பேர் நடுவுல சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் சும்மா இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா.

சரி, திருத்தத்துக்கு வர்றேன். முதல் மூணு நூனும் குறையே இல்லை. நாலாவதுலேர்ந்து மூக்கடைச்சு, 'னா' எல்லாம் 'டா'ன்னு விழுது. கீழே 'சளி'ன்னு எழுதியிருக்கீங்க. சளின்னா முதல் நூனே அடைச்சிருக்கும். பாதியில அடைக்கிறது சளி இல்லைங்க. இருபது வருஷமா அடுத்தவங்க மூக்கைக் கேட்டே பொழைக்கிறவகிட்ட இந்தக் கதையெல்லாம் வேண்டாம்.

வகுப்புக்கு வர்ற பொம்பளைங்களுக்கு நானே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓதிக் காட்டுவேன். பிடிச்சதும் குன்னா நின்னுடும். இன்னிக்கும் காட்ட ஆரம்பிச்சேன். "டீச்சர், நீங்க இன்னும் மூக்கைப் பிடிக்கவே இல்லையே, அதுக்குள்ள நின்னுடுச்சே"ன்னு ஒருத்தி கேட்டா.

எனக்கும் சளின்னு சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி