தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த பச்சடி

1957, தை 20.

எனக்குக் குழந்தை இல்லாததால் என் தங்கை ருக்குவையே என் கணவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்க அப்பா சம்மதித்துவிட்டார். இன்று அவரே அவளை எங்கள் பிறந்த ஊரான பேரிகையிலிருந்து அழைத்து வந்தார்.

விருந்துக்கு நான்தான் சமைத்தேன். வரமிளகாயைத் தணலில் சுட்டு, பூண்டோடு அம்மியில் அரைத்து, கெட்டித் தயிரும் பாலாடையும் சேர்த்து வெள்ளரித் துண்டுகள்மேல் ஊற்றினேன். ருக்கு பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

“மாமாவுக்கு எத்தன மொளகா போடணும்க்கா?”

“ஆறு. கருக உட்டுடாத, கசக்கும்.”

“அப்புறமும் எங்கூட பேசுவியாக்கா?”

மிளகாய் அரைத்த கையோடு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“எரியுதுக்கா,” என்றாள். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை.